முதல் ஹைட்ராலிக் இயந்திரம் வாங்குகிறீர்களா? முன்பணம் கட்டும் முன் சுற்றுப்படத்தைக் கேளுங்கள்

வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்புகளில் உதிரும் மட்டையை வாங்கித் தட்டு செய்யலாம் என்று தொடங்கினேன். நான்கு அச்சுகள் கொண்ட, எண்ணெயின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் இயந்திரம் ஒன்றை வாங்கினேன். காலை எட்டு மணிக்கு ஓட்டினால் பதினொரு மணிக்குள் எண்ணெய்த் தொட்டியில் கை வைக்க முடியாத சூடு. ஒரு அச்சில் தட்டு அழுந்திக்கொண்டிருக்கும்போது அடுத்த அச்சை இறக்கினால் முதல் அச்சின் பிடி தளர்ந்துவிடும், தட்டின் விளிம்பு அலை அலையாக வரும். விற்றவரிடம் கேட்டேன். "அழுத்தத்தைக் கூட்டுங்கள்" என்றார். கூட்டினேன். சுமை மிஞ்சினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மோட்டாரின் ஓவர்லோட் ரிலே மணிக்கு ஒருமுறை விழத் தொடங்கியது.

மூன்று மாதம் கழித்து, சேலத்திலிருந்து வந்த வயதான மெக்கானிக் ஒருவர் இயந்திரத்தைத் தொடுவதற்கு முன்பே கேட்ட கேள்வி: "சுற்றுப்படம் எங்கே அம்மா?" என்னிடம் இல்லை. எண்ணெய் எந்த வழியே எங்கே போகிறது என்று காட்டும் படம் அது; அப்படி ஒன்று இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அவர் குழாய்களைத் தொட்டுத் தொட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அதை வரைந்தார். வரைந்து முடித்ததும் கோளாறு எங்கே என்பது எனக்கே தெரிந்தது.

அந்த மூன்று மாதத்தை நீங்கள் இழக்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். மட்டைத் தட்டு இயந்திரத்தை வைத்துச் சொன்னாலும், சிறிய பிரஸ், பேல் கட்டும் இயந்திரம், கார் தூக்கும் லிஃப்ட் என எதை வாங்கினாலும் வழி இதுவே.

1. எண்ணெய் போகும் வழியை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள்

தொட்டியிலிருந்து தொடங்குங்கள். மோட்டார் பம்பைச் சுற்றுகிறது. பம்ப் தொட்டியிலிருந்து எண்ணெயை உறிஞ்சித் தள்ளுகிறது. தள்ளப்பட்ட எண்ணெய் திசை வால்வுக்கு வருகிறது. அதன் நெம்புகோலை ஒரு பக்கம் தள்ளினால், அச்சை இயக்கும் சிலிண்டரின் மேல்வாய் வழியே எண்ணெய் நுழைந்து தண்டை இறக்கும். கீழ்ப்பக்கம் இருந்த எண்ணெய் வால்வு வழியாகவே தொட்டிக்குத் திரும்பும். மறுபக்கம் இழுத்தால் வழி தலைகீழாகும், தண்டு ஏறும். திரும்பும் எண்ணெய் வடிகட்டியைக் கடந்து தொட்டியில் விழுகிறது. சுற்று என்பது இந்தப் போக்குவரத்துதான்.

இதோடு ரிலீஃப் வால்வு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டரின் தண்டு மேற்கொண்டு போக இடமில்லாமல் நின்றுவிட்டாலும் பம்ப் தள்ளுவதை நிறுத்தாது. போக வழியில்லாத எண்ணெய் குழாயையோ பம்பையோ பிளந்துவிடும். குறித்த அழுத்தம் வந்ததும் திறந்து, எண்ணெயைத் தொட்டிக்கு விடுவது ரிலீஃப் வால்வின் வேலை. அது இல்லாத பவர் பேக்கை (மோட்டார், பம்ப், தொட்டி, வால்வுகள் சேர்ந்த தொகுப்பு) யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

டிப்பர் லாரியின் பெட்டியைத் தூக்குவதும் இந்தச் சுற்றுதான். அங்கே எண்ணெய் ஒரு பக்கம் மட்டும் தள்ளுகிறது. இறங்குவதற்குப் பெட்டியின் எடையே போதும். ஜேசிபியின் கை, டிராக்டரின் பின்தூக்கி, பிளாஸ்டிக் வார்ப்பு இயந்திரம், விமானத்தின் சக்கரங்களை உள்ளே மடிக்கும் அமைப்பு எல்லாம் இதன் விரிவுகள். ஏன் காற்றை விட்டுவிட்டு எண்ணெய்? பட்டறைக் கம்ப்ரசர் தருவது 6 பார் அளவு (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அதை வைத்து 3 டன் அழுத்த வேண்டுமானால் 25 செ.மீ. விட்டமுள்ள சிலிண்டர் வேண்டும். 100 பார் எண்ணெய்க்கு 63 மி.மீ. போதும்.

2. அழுத்தம் வேறு, வேகம் வேறு

என்னை மூன்று மாதம் அலைய வைத்த குழப்பம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

விசையைத் தருவது அழுத்தம். 63 மி.மீ. சிலிண்டரின் பரப்பு ஏறத்தாழ 31 சதுர செ.மீ. 100 பார் என்பது ஒரு சதுர செ.மீ.க்கு 102 கிலோ. பெருக்கினால் சுமார் 3.2 டன்.

வேகத்தைத் தருவது ஓட்டம், அதாவது பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தள்ளுகிறது என்பது. ஒரு சுற்றுக்கு 7 சி.சி. தள்ளும் கியர் பம்பை நிமிடத்துக்கு 1,440 சுற்று வேகத்தில் சுற்றினால் நிமிடத்துக்குச் சுமார் 10 லிட்டர். அதை 31 சதுர செ.மீ. பரப்பால் வகுத்தால் தண்டு வினாடிக்கு 53 மி.மீ. இறங்கும். 20 செ.மீ. இறங்க நான்கு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு. ஏறும்போது தண்டு அடைத்திருக்கும் இடம் கழிந்து பரப்பு குறைவதால் இன்னும் வேகமாக ஏறும்.

ரிலீஃப் வால்வை இறுக்கினால் இந்த வேகம் ஒரு மில்லிமீட்டர்கூட அதிகரிக்காது. கூடுவது மோட்டாரின் சுமை மட்டுமே. கணக்கு எளிது: பார் அளவை லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் கிலோவாட். 100 பார், 10 லிட்டர் என்றால் 1.67 கிலோவாட். பம்பின் இழப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 2 கிலோவாட். மூன்று குதிரைத்திறன் மோட்டார் 2.2 கிலோவாட், தாங்கும். 150 பாருக்கு இறுக்கினால் தேவை 2.9 கிலோவாட். என் ரிலே விழுந்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை.

ஆகவே விற்பவரிடம் "எத்தனை டன்?" என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். சிலிண்டரின் உள்விட்டம், தண்டின் விட்டம், பம்பின் சி.சி., மோட்டாரின் கிலோவாட், ரிலீஃப் வைக்கப்போகும் அழுத்தம் ஆகிய ஐந்தையும் கேட்டு, மேலே உள்ள கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சொன்ன டன்னும் கணக்கில் வரும் டன்னும் பொருந்தவில்லை என்றால் அங்கேயே விளக்கம் கேளுங்கள்.

3. சுற்றுப்படத்தை வாசிக்க ஒரு மாலை ஒதுக்குங்கள்

படத்தில் உள்ள குறியீடுகள் ஐஎஸ்ஓ 1219 என்ற தரப்படி வரையப்படுபவை. வரைந்தவர் எந்த ஊராக இருந்தாலும் குறியீடு ஒன்றுதான். முழுக்கோடு எண்ணெய் ஓடும் முக்கியக் குழாய். விட்டுவிட்டு வரும் கோடு கட்டளைக் குழாய், அதாவது வால்வை இயக்கும் அழுத்தத்தைக் கொண்டுபோவது. வட்டத்துக்குள் வெளிநோக்கிய கறுப்பு முக்கோணம் இருந்தால் பம்ப். முக்கோணம் நிரப்பப்படாமல் வெறுமையாக இருந்தால் அது காற்று அமைப்பு. அடுத்தடுத்து மூன்று கட்டங்கள் இருந்தால் மூன்று நிலைகள் கொண்ட திசை வால்வு. நடுக்கட்டமே நெம்புகோலை விட்டதும் வால்வு நிற்கும் இடம்.

பம்பில் தொடங்கி விரலைக் கோட்டின் மேல் ஓட்டுங்கள். விரல் தொட்டிக்குத் திரும்பி வந்துவிட்டால் ஒரு நிலையை வாசித்துவிட்டீர்கள். பிறகு பக்கத்துக் கட்டத்தை நடுவுக்கு நகர்த்தியதாக நினைத்துக்கொண்டு மறுபடி ஓட்டுங்கள். பத்தாம் வகுப்புப் படித்த என் மகள் அரை மணி நேரத்தில் பிடித்துக்கொண்டாள்.

4. "அழுத்திப் பிடித்திருக்கும்போது எண்ணெய் எங்கே போகிறது?"

பட்டறையில் நீங்கள் கேட்க வேண்டிய மிக முக்கியமான கேள்வி இதுதான். பதில் தெளிவாக வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஈர மட்டை சூடான அச்சுக்குள் சில வினாடிகளாவது அழுந்தி இருக்க வேண்டும். என் இயந்திரத்தில் நெம்புகோலைத் தள்ளினால் தள்ளிய இடத்திலேயே நிற்கும். சிலிண்டர் மட்டையை அழுத்தி நின்றுவிடும். பம்ப் தள்ளும் 10 லிட்டரும் ரிலீஃப் வால்வு வழியாக 100 பாரில் பிதுங்கித் தொட்டிக்குப் போகும். அந்த 1.67 கிலோவாட் எந்த வேலையும் செய்யாமல் முழுவதும் சூடாக மாறும். தொட்டிக்குள் ஒரு வெந்நீர் ஹீட்டரைப் போட்டு வைத்தது போல. 50 லிட்டர் எண்ணெய் எத்தனை மணி நேரம் தாங்கும்?

இரண்டாவது கோளாறும் இதே இடத்திலிருந்து வருகிறது. ஒரே பம்பிலிருந்து நான்கு சிலிண்டர்களுக்கும் வழி பிரிகிறது. எண்ணெய் எப்போதும் எதிர்ப்பு குறைந்த பக்கம் போகும். முதல் சிலிண்டர் அழுத்திக்கொண்டிருக்கும்போது இரண்டாவதை இறக்கினால், அது எதிர்ப்பின்றி இறங்குவதால் எண்ணெய் அங்கே ஓடிவிடும். குழாயில் அழுத்தம் விழும், முதல் அச்சின் பிடி போய்விடும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தும் பக்கத்திலும் பைலட் செக் வால்வு ஒன்றைப் போட வேண்டும். அது எண்ணெயை உள்ளே விடும், கட்டளை வராமல் வெளியே விடாது. சிலிண்டர் அழுத்தியதும் நெம்புகோலை நடுவுக்கு விட்டால், அழுத்தம் சிலிண்டருக்குள் பூட்டிக்கொள்ளும். பம்பின் எண்ணெய் ஏறக்குறைய அழுத்தமே இல்லாமல் தொட்டிக்குத் திரும்பும். சூடு ஏறாது. மற்ற சிலிண்டரை இயக்கினாலும் இதன் பிடி தளராது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பைலட் செக் வால்வு சரியாகப் பூட்ட வேண்டுமானால், நடுநிலையில் சிலிண்டரின் இரண்டு குழாய்களும் தொட்டியோடு இணையும் வகை ஸ்பூல் (திசை வால்வுக்குள் நகர்ந்து வழியை மாற்றும் உருளை) வேண்டும். இரண்டும் அடைபடும் வகை ஸ்பூலோடு போட்டால், குழாயில் தேங்கிய அழுத்தம் செக் வால்வைத் திறந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும், அச்சு மெல்ல நழுவும். எனக்கு முதலில் மாற்றிக் கொடுத்தவர் இந்தத் தவற்றைத்தான் செய்தார். அதைக் கண்டுபிடிக்க இன்னும் ஒரு வாரம் போயிற்று. "நடுநிலையில் எல்லா வாய்களும் தொட்டிக்குத் திறக்குமா?" என்று கேட்டு, பதிலைப் படத்தில் கைவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

5. விலைப்புள்ளியில் எழுத்தில் இருக்க வேண்டியவை

வாய்ச்சொல் எதுவும் பிறகு உதவாது. குறைந்தது மூன்று இடங்களில் விலைப்புள்ளி வாங்குங்கள். மூவரிடமும் ஒரே விவரங்களைக் கொடுத்துக் கேட்டால்தான் ஒப்பிட முடியும். சுற்றுப்படமும், ஒவ்வொரு உறுப்பின் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் கொண்ட பட்டியலும் விலைப்புள்ளியோடு இணைந்தே வர வேண்டும். "நல்ல கம்பெனி பம்ப்" என்று எழுதித் தருவதை ஏற்காதீர்கள். சிலிண்டரின் வரைபடத்தில் சீல் (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) அளவுகள் இருக்கட்டும். இரண்டு ஆண்டு கழித்து சீல் மாற்றும்போது அதன் அருமை தெரியும். எண்ணெயின் தரம், உத்தரவாதம் எந்த உறுப்புக்கு எத்தனை மாதம், எண்ணெயும் லாரி வாடகையும் ஜிஎஸ்டியும் விலைக்குள் அடங்குமா என்பதெல்லாம் தனித்தனி வரிகளாக இருக்கட்டும்.

வங்கிக் கடன் போகிறீர்கள் என்றால் விலைப்புள்ளியில் விற்பவரின் ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவுச் சான்றும் கேட்பார்கள். அந்தப் பதிவு அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம். பதிந்து தருவதாகச் சொல்லிப் பணம் கேட்கும் தளங்கள் ஏராளம், ஏமாறாதீர்கள்.

குழாய் இணைப்பின் மரை வகையையும் எழுதி வாங்குங்கள். அரை அங்குல பிஎஸ்பி மரையும் அரை அங்குல என்பிடி மரையும் அங்குலத்துக்கு 14 புரிகள்தான். கையால் சில சுற்று ஏறிவிடும். ஆனால் ஒன்றின் கோணம் 55 டிகிரி, மற்றதன் கோணம் 60. முறுக்கி ஏற்றினால் மரை கெடும், கசிவு நிற்காது. இயந்திரம் முழுவதும் ஒரே வகை மரை இருக்கட்டும்.

6. செலவும் நாட்களும்

எனக்கு ஆனதைச் சொல்கிறேன், உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும். நான்கு நெம்புகோல் வால்வுகளோடு கூடிய மூன்று குதிரைத்திறன் பவர் பேக்குக்கு மட்டும் வந்த விலைப்புள்ளிகள் 45,000 ரூபாயிலிருந்து 85,000 வரை இருந்தன. வித்தியாசம் எங்கே என்று பார்த்தால், மலிவானதில் திரும்பு வடிகட்டி இல்லை, அழுத்தமானி இல்லை, தொட்டி 25 லிட்டர்தான். நிமிடத்துக்கு 10 லிட்டர் பம்புக்குத் தொட்டி 40, 50 லிட்டராவது வேண்டும்; எண்ணெய் நின்று ஆறவும், காற்றுக் குமிழி பிரியவும் இடம் தேவை.

விலைப்புள்ளியில் பெரும்பாலும் சேராதவை: 26 லிட்டர் வாளி இரண்டு எண்ணெய், எனக்கு 8,500 ரூபாய். பின்னால் சுற்றை மாற்றியமைக்க, செக் வால்வு, ஸ்பூல், கூலி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். முதலிலேயே கேட்டிருந்தால் அதில் பாதிக்குள் முடிந்திருக்கும்.

பதினைந்து நாளில் தருவதாகச் சொன்னார்கள், ஐந்து வாரம் ஆனது. மூன்று பேஸ் மின் இணைப்புக்கு ஆர்டர் கொடுக்கும் முன்பே விண்ணப்பியுங்கள். இயந்திரம் வந்து இறங்கிய பிறகு விண்ணப்பித்துவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி வைத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். முன்பணம் 40 சதவீதம், பட்டறையில் நீங்கள் நேரில் பார்த்த சோதனைக்குப் பிறகு 50, உங்கள் இடத்தில் ஒரு மாதம் ஓடிய பிறகு 10. கடைசி 10 சதவீதத்துக்குச் சிலர் முகம் சுளிப்பார்கள். ஒத்துக்கொள்பவரிடம் வாங்குங்கள்.

7. பட்டறையில் இரண்டு மணி நேரம் நில்லுங்கள்

இயந்திரத்தை ஏற்றி அனுப்பும் முன் உங்கள் கண்முன்னால் இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டச் சொல்லுங்கள். சும்மா ஏறி இறங்குவதைக் காட்டுவார்கள், அது போதாது. அச்சுக்கிடையில் எதையாவது வைத்து, உண்மையில் அழுத்திப் பிடித்து ஓட்டச் சொல்லுங்கள். தொடக்கத்திலும் அரை மணிக்கு ஒருமுறையும் எண்ணெயின் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். 60 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் சுற்றில் பிழை இருக்கிறது. கோடையில் உங்கள் கொட்டகையில் இன்னும் மோசமாகும்.

ஒரு அச்சை அழுத்திய நிலையில் விட்டுவிட்டு மற்ற மூன்றையும் இயக்கி, முதல் அச்சின் அழுத்தமானி விழுகிறதா என்று பாருங்கள். பம்பின் சத்தத்தையும் கேளுங்கள். டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்குவது போல இருந்தால் உறிஞ்சு குழாய் சிறிதாக இருக்கிறது, அல்லது காற்று இழுக்கிறது. 10 லிட்டர் பம்புக்கு உறிஞ்சு குழாய் முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது.

வளையும் ரப்பர் குழாயான ஹோஸின் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒரு கம்பி வலை கொண்ட அரை அங்குல ஹோஸின் வேலை அழுத்தம் பொதுவாக 160 பார், இரண்டு வலை கொண்டதற்கு 275 பார். தயாரித்த காலாண்டும் ஆண்டும் கூட அதிலேயே இருக்கும். பழைய ஹோஸை வெட்டி மாட்டியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

8. உங்கள் இடத்தில் முதல் இயக்கம்

வாளியிலிருந்து எண்ணெயை அப்படியே கவிழ்க்காதீர்கள். புது எண்ணெயும் சுத்தமான எண்ணெய் அல்ல. கண்ணுக்குத் தெரியாத தூசிதான் ஸ்பூலைக் கீறுவது, ஆகவே 10 மைக்ரான் வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். நம் வெயிலுக்கு 68 தரம் பொருந்தும்; 40 டிகிரி சூட்டில் எண்ணெயின் பிசுப்பு எவ்வளவு என்பதைத்தான் அந்த எண் குறிக்கிறது.

ரிலீஃப் வால்வை முழுவதும் தளர்த்துங்கள். மோட்டாரை ஒரு நொடி மட்டும் தட்டி நிறுத்தி, பம்பில் உள்ள அம்புக்குறிப் பக்கம்தான் சுற்றுகிறதா என்று பாருங்கள். மாறிச் சுற்றினால் மூன்று பேஸ் கம்பிகளில் ஏதேனும் இரண்டை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள். கியர் பம்பைத் தவறான பக்கம் ஓட்டினால் தண்டின் சீல் பிதுங்கிவிடும், உத்தரவாதத்திலும் வராது.

பிறகு ஒவ்வொரு சிலிண்டரையும் சுமையில்லாமல் பத்துப் பதினைந்து முறை ஏற்றி இறக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். தொட்டியின் மட்டம் குறையும், நிரப்புங்கள். அதன் பின்னரே 20, 50, 80, 100 பார் என்று படிப்படியாக இறுக்குங்கள். ஒவ்வொரு படியிலும் ஐந்து நிமிடம் நின்று கசிவைப் பாருங்கள். தேவையான அழுத்தம் வந்ததும் ரிலீஃப் வால்வின் பூட்டு நட்டை முறுக்கி, பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். யாராவது தொட்டால் கோடு காட்டிக்கொடுக்கும்.

9. கசிவைக் கையால் தேடாதீர்கள்

இதை வேலைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லுங்கள். ஊசித்துளை அளவு கசிவிலிருந்து பாயும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும். உள்ளே தசை அழுகத் தொடங்கிவிடும். மஞ்சள் பற்று, களிம்பு எதுவும் வேண்டாம். உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "அழுத்தத்தில் எண்ணெய் ஏறிவிட்டது" என்று சொல்ல வேண்டும். தாமதமானால் விரல் போகும், கையே போகும். கசிவைத் தேட அட்டைத் துண்டைப் பயன்படுத்துங்கள்.

குழாயைக் கழற்றும் முன் மோட்டாரை நிறுத்தினால் மட்டும் போதாது. பைலட் செக் வால்வு பூட்டிய அழுத்தம் சிலிண்டருக்குள் அப்படியே இருக்கும். மோட்டார் ஓடும்போதே அச்சை முழுவதும் மேலே ஏற்றி, அடியில் இரும்பு முட்டு வைத்து, பிறகு நிறுத்தி, நெம்புகோலை இரு பக்கமும் அசைத்து, மானி பூஜ்யம் காட்டிய பின்னரே ஸ்பேனரை எடுங்கள். அச்சைத் துடைக்கக் கை விடும்போதும் அந்த முட்டு இருக்க வேண்டும்.

10. ஓடத் தொடங்கிய பின்

முதல் 50 மணி நேரம் ஓடியதும் திரும்பு வடிகட்டியை மாற்றுங்கள். புது இயந்திரத்தின் வெல்டிங் துகளும் இரும்புப் பொடியும் அதில்தான் சேர்ந்திருக்கும். என் வடிகட்டியைப் பிரித்தபோது உள்ளங்கையில் மினுமினுவென்று ஒட்டியது. எண்ணெய் பால்போல் வெளுத்தால் தண்ணீர் கலந்திருக்கிறது; மட்டை கழுவும் தொட்டியை இயந்திரத்தின் பக்கத்தில் வைத்தால் இது கட்டாயம் நடக்கும். தள்ளி வையுங்கள். நைட்ரைல் ரப்பர் சீல்கள் 100 டிகிரிக்கு அருகே இறுகிப்போகும் என்பதால், சூடான மேல் அச்சுக்கும் சிலிண்டர் தண்டுக்கும் நடுவே வெப்பத் தடுப்புத் தகடு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

காலண்டர் தாளில் மெக்கானிக் வரைந்து தந்த படத்தை லேமினேட் செய்து இயந்திரத்தின் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். மாற்றிய ஸ்பூலின் மாடல் எண், சீல் அளவுகள், எண்ணெய் மாற்றிய தேதி ஆகியவற்றை அதன் ஓரத்திலேயே மார்க்கரால் எழுதி வைக்கிறோம். போன மாதம் நான் ஊரில் இல்லாத நாளில் மூன்றாவது அச்சு நழுவியது. வேலை செய்யும் பெண் படத்தைப் பார்த்து, எந்தச் செக் வால்வு என்று தொலைபேசியில் எனக்குச் சொன்னாள். மெக்கானிக் அதற்கான சீலை மட்டும் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் வந்துவிட்டார்.